மூன்று பேருக்காக நடந்தவள்

அந்தக் குடியிருப்பில் நான்கு கட்டடங்கள். ஒவ்வொன்றும் ஐந்து மாடி. லிஃப்ட் கிடையாது. கட்டும்போது லிஃப்டுக்கென்று விட்ட இடத்தில் பழைய சைக்கிள்களும் ஓட்டை வாளிகளும் கிடந்தன. மூன்றாவது கட்டடத்தின் படிகளைப் பெருக்கித் துடைக்க அவள் வந்தபோது வயது இருபத்தாறு. இடுப்பில் இரண்டு வயதுப் பையன். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கணவன், அடுக்கு சரிந்து அடியில் மாட்டிச் செத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "கொஞ்ச நாள் பாரு, ஒத்துவந்தா இரு" என்றார்கள். முப்பத்தொரு வருடம் இருந்தாள்.

அவளுக்குப் பெயர் ஒன்று இருந்தது. யாரும் கேட்டதில்லை. படிக்கட்டம்மா என்றால் போதும், எந்த மாடியில் இருந்தாலும் "இதோ வந்துட்டேன்" என்று குரல் வரும். காலை ஏழு மணிக்கு மேலிருந்து பெருக்க ஆரம்பிப்பாள். பிறகு வாளியும் துணியுமாகத் துடைப்பாள். நடுவில் நாலாவது மாடிக்குக் காய்கறி, இரண்டாவது மாடிக்கு மருந்துச் சீட்டு, ஐந்தாவது மாடிக்கு யாரோ கீழே விட்டுவிட்டு வந்த குடை. வயதானவர்கள் நிறைந்த கட்டடம். பிள்ளைகளெல்லாம் வேறு ஊர்களில். ஆளுக்கொரு வேலை சொன்னாலும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மதியம் கீழ்த்தளத்தில் துடைப்பம் வைக்கும் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அரை மணி நேரம் கண்ணை மூடுவாள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. ஆனால் கதவைச் சாத்தினால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு அதுவே பெரிய சுகம்.

தெருமுனையில் நலவாழ்வு மையம் திறந்தார்கள். அங்கே வந்த நர்ஸம்மா கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி. அறுபது வயது தாண்டியவர்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்து, "வயசாகிறது வியாதி இல்லை. எழுந்திருக்காம இருக்கிறதுதான் வியாதி" என்று சொல்லி, ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்தாள். கடிகாரம் மாதிரி இருக்கும். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும். நாடித்துடிப்பைப் பார்க்கும். கட்டியிருப்பவர் கீழே விழுந்தால் அதிர்ந்து, "விழுந்துவிட்டீர்களா?" என்று கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால், நாம் எழுதிக்கொடுத்த உறவினரின் போனுக்குத் தகவல் போய்விடும். சும்மா சொல்லக்கூடாது, முதல் மாதத்திலேயே முதல் கட்டடத்துக் கிழவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, அந்தப் பட்டைதான் அவர் மகனைக் கூப்பிட்டு உயிரைக் காப்பாற்றியது.

ஆர்வம் வரட்டும் என்று நர்ஸம்மா ஒரு போட்டியும் வைத்தாள். ஆறு மாதம். எந்தக் கட்டடத்துப் பெரியவர்கள் சராசரியாக அதிகம் நடக்கிறார்களோ அந்தக் கட்டடத்துக்குக் கேடயம், கீழ்த்தளத்தில் ஓர் உடற்பயிற்சி அறை. மையத்தின் சுவரில் பெரிய திரை மாட்டி, நாலு கட்டடங்களின் கணக்கும் தினமும் ஓடும்.

மூன்றாவது கட்டடத்துக்குத் தலைவர் மீட்டர் சார். மின்சார மீட்டர் பார்த்து எழுதும் வேலையில் முப்பத்தெட்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். வயது அறுபத்தொன்பது. உடம்பில் ஒரு பிடி சதை இருக்காது. காலில் சக்கரம் கட்டியது போல விடிவதற்குள் தெருவை நாலு சுற்று சுற்றிவிடுவார். அவரைத் தலைவராக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. "நான் பார்த்துக்கறேன்" என்றார், மற்றவர்கள் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் மாதக் கடைசியில் திரையில் மூன்றாவது கட்டடம் நாலாவது இடத்தில் இருந்தது. மீட்டர் சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யார் இழுக்கிறார்கள் என்று பார்த்தார். மூன்று பேர். தரைத்தளத்தில் தனியாக இருக்கும் டிரைவர். முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டியதில் இடுப்பெலும்பு தேய்ந்து, தண்ணீர் குடிக்க எழுவதற்கே நாற்காலியின் இரண்டு கையையும் பிடிப்பவர். அடுத்து, மூன்றாவது மாடிக் கணக்கு டீச்சர். இரண்டு முட்டியும் போனவர். மூன்றாவது, மீட்டர் சாரின் சொந்த மனைவி. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்.

கட்டடத்தின் போன் குழுவில் தினமும் காலையில் மீட்டர் சாரின் குரல் வரும். "நேத்து ஒருத்தர் நானூறு அடி. நானூறு! பேர் சொல்ல மாட்டேன், தரைத்தளம்." டீச்சரிடம் நேரிலேயே கேட்டார். டீச்சர் விடவில்லை. "சார், என் முட்டியை ஒரு வாரம் நீங்க எடுத்துட்டுப் போங்க, உங்க முட்டியைக் குடுங்க. அப்புறம் பேசுவோம்." மனைவியிடம் மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "வெளியில தலை காட்ட முடியல" என்பார். அந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்து பார்த்தாள். இரண்டாம் நாள் மயங்கி உட்கார்ந்தாள்.

ஒரு நாள் டிரைவரின் பட்டை நின்றுபோனது. அதை மீட்டர் சாரிடம் காட்டச் சொல்லிப் படிக்கட்டம்மாவிடம் கொடுத்தார். இரண்டு கையிலும் வாளி. எங்கே வைப்பது? மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். மாட்டியதும் அது உயிர் பெற்றுவிட்டது. அவளோ மறந்தே போனாள். மாலையில் ஞாபகம் வந்து கழற்றும்போது அதில் பதினாறாயிரத்துச் சொச்சம் அடி.

"டிரைவர்! என்னய்யா மாயம் பண்ணினீங்க?" என்று மீட்டர் சார் இறங்கி ஓடி வந்தார். டிரைவர் வயிறு குலுங்கச் சிரித்து நடந்ததைச் சொன்னார். மீட்டர் சார் சிரிக்கவில்லை. அப்படியே நின்று யோசித்தார்.

மறுநாள் மதியம் துடைப்ப அறைக் கதவைத் தட்டினார். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. அவள் பதறி எழுந்து டப்பாவை மூடினாள்.

"உனக்கு வயசு என்னம்மா?"

"அம்பத்தேழு சார்."

"அப்ப உனக்குப் பட்டை கிடையாது."

"எனக்கு எதுக்கு சார் அதெல்லாம்."

"அதைத்தான் சொல்றேன். தினமும் இவ்வளவு நடக்கிறே. எல்லாம் வீணாத்தானே போகுது?"

மீட்டர் சார் சட்டைப் பையிலிருந்து மூன்று பட்டைகளை எடுத்தார். டிரைவருடையது, டீச்சருடையது, தன் மனைவியுடையது. முந்தின ராத்திரியே மூவரிடமும் பேசி வாங்கி வைத்திருந்தார். "காலையில வந்ததும் மாட்டிக்க. போகும்போது குடுத்துட்டுப் போ. நீ எப்படியும் நடக்கத்தானே போறே? யார்கிட்டயும் சொல்லாதே, பையன்கிட்ட கூட." பிறகு, போகிற போக்கில், "ஜெயிச்சா இந்த ரூமைத்தான் உடற்பயிற்சிக்கு எடுப்பாங்க" என்றார்.

"அப்ப என் துடைப்பம் வாளி எல்லாம் சார்?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம்."

வேலை நேரத்தில் அவள் சேலைக்கு மேல் மகனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். இடது கைச் சட்டைக்குள் மூன்று பட்டைகளும் மறைந்துவிட்டன. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது பிடித்தும் போனது. பத்தாயிரம் அடி ஆனதும் மூன்றும் ஒன்றாக நடுங்கும். சட்டைக் கையைத் தூக்கிப் பார்ப்பாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். "அருமை! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்." படியைத் துடைத்ததற்காக அதுவரை ஒருவரும் அவளிடம் அருமை என்று சொன்னதில்லை. இப்போது ஒரு நாளைக்கு மூன்று தடவை.

இரண்டாம் மாதம் கட்டடம் மூன்றாம் இடம். மூன்றாம் மாதம் இரண்டாம் இடம். டீச்சரின் மகன் போனில், "அம்மா, கலக்குறீங்க! என் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன்" என்றான். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏதோ நடக்கறேன்டா" என்றார். டிரைவரின் மகள் அழுதே விட்டாள். "அப்பா, நீங்க நடக்கிறதைப் பார்த்துட்டுத்தான் நான் நிம்மதியாத் தூங்கறேன்." டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் கட்டடம் மட்டும் முன்னால் நின்றது. மீட்டர் சார் மறுபடி கதவைத் தட்டினார். "சாப்பிட்டதும் சாஞ்சு உட்காராதேம்மா. மதில் ஓரமா நாலு சுத்து நட. உனக்கும் நல்லதுதான்." அரை மணி நேரத் தூக்கம் போனது. வெயிலில் மதிலோரமாக, வாயில் சேலை நுனியைக் கவ்விக்கொண்டு, ஆட்டுக்குட்டி மாதிரி அவள் சுற்றினாள். மேலே பால்கனியில் நின்று மீட்டர் சார் விரலை மடக்கி எண்ணினார். ஐந்தாம் மாதம் மூன்றாவது கட்டடம் முதலிடத்துக்கு வந்தது. குழுவில் கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன.

அந்தச் சமயத்தில்தான் அவள் அடிக்கடி படியில் உட்கார ஆரம்பித்தாள். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு" என்று இரண்டாம் மாடி அம்மாவிடம் ஒரு நாள் சொன்னாள். "டீயைக் குறை" என்றாள் அந்தம்மா. டீயைக் குறைத்தாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நர்ஸம்மா மூன்று பேருக்கும் போன் செய்தாள். டிரைவருக்கு, டீச்சருக்கு, மீட்டர் சாரின் மனைவிக்கு. "பயப்பட ஒண்ணும் இல்லை. உங்க நாடித்துடிப்பு சில நேரம் தாளம் தப்புதுன்னு பட்டை காட்டுது. இதை விட்டா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடலாம். உடனே வந்து இதயப் பரிசோதனை பண்ணிக்கணும்." மூவரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். மீட்டர் சாரின் மனைவி வழியெல்லாம் அழுதாள். பரிசோதனையில் மூவருக்கும் ஒரு குறையும் இல்லை. தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நர்ஸம்மா, "பட்டையிலதான் ஏதோ கோளாறு போல" என்று மூன்று புதுப் பட்டைகள் கொடுத்து அனுப்பினாள். நான்காம் நாள் அவையும் அதையே சொல்லின.

கணக்கு டீச்சர்தான் கண்டுபிடித்தார். தன் வீட்டுச் சமையலறை மேசையில், பட்டைகளின் பதிவு வரும் மூன்று போன்களையும் வரிசையாக வைத்தார். மீட்டர் சாரும், கம்பியைப் பிடித்து மெல்ல மெல்ல ஏறி வந்த டிரைவரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"புதன் கிழமை பதினொண்ணு இருபது. எனக்கு. டிரைவர், உங்களுக்கும் பதினொண்ணு இருபது. மீட்டர் சார், உங்க வீட்டம்மாவுக்கும் அதே. வியாழன் ரெண்டு பத்து. மூணு பேருக்கும்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மூணு இதயம் ஒரே நிமிஷத்துல தப்பாது. இது ஒரே இதயம்."

குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. கீழே எங்கோ அவள் வாளியை நகர்த்தும் சத்தமும் கேட்டது.

"அப்ப அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடணும்" என்றார் டிரைவர்.

"என்னன்னு?" என்றார் மீட்டர் சார். "உனக்கு இதயத்துல கோளாறு இருக்குன்னு சொல்லுவீங்க. எப்படித் தெரியும்னு டாக்டர் கேப்பார். பட்டை சொல்லிச்சும்பா. யாரு பட்டைன்னு கேப்பார். உங்க பொண்ணுக்கு என்ன பதில் சொல்வீங்க? டீச்சர், உங்க பையனுக்கு? அஞ்சு மாசமா நடக்கவே இல்லைடான்னு சொல்லுவீங்களா?"

டீச்சர் எழுந்து குழாயை இறுக்கினார். அது மறுபடி சொட்டியது.

"இன்னும் பதினோரு நாள்" என்றார் மீட்டர் சார். "பன்னிரண்டாவது நாள் நானே கூட்டிட்டுப் போறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போறேன். இத்தனை நாள் ஒண்ணும் ஆகல. பதினோரு நாள்ல என்ன ஆகிடப் போகுது?"

யாரும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டீச்சர் டீ போட்டார். குடித்துவிட்டுப் போனார்கள்.

டிரைவருக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. மறுநாள் அவள் தரைத்தளத்தைத் துடைக்கும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒரு தடவை டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டிட்டு வாயேன்."

"ஏன்ணே, பார்க்க அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"இல்லை, சும்மா. வயசாகுதில்ல."

"வயசானவங்களுக்குத்தான் பட்டை. எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குண்ணே" என்று சிரித்தாள். "லீவு போட்டா மீட்டர் சார் சத்தம் போடுவாரு. இப்ப ஒரு நாள்கூடத் தவறக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

டிரைவர் வாயைத் திறந்தார். மகளின் முகம் ஞாபகம் வந்தது. "பிஸ்கட் இருக்கு, எடுத்துக்க" என்றார்.

போட்டி முடிய ஆறு நாள் இருந்தபோது, செவ்வாய்க்கிழமை காலை, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் திருப்பத்தில் அவள் விழுந்தாள். அப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு. வாளி உருண்டு தண்ணீர் படிப்படியாக இறங்கி நின்றது. சட்டைக் கைக்குள் மூன்று பட்டைகளும் அதிர்ந்தன. மூன்றும் "விழுந்துவிட்டீர்களா?" என்று கேட்டன. ஒரு நிமிடம் காத்திருந்தன. பிறகு எந்தப் பட்டை எந்த உறவைக் கூப்பிட வேண்டுமோ அந்த உறவைக் கூப்பிட்டது.

டீச்சரின் மகன் ஆபீஸிலிருந்து பதறிக்கொண்டு பேசினான். "அம்மா! விழுந்துட்டீங்களா?"

"இல்லடா. மேசையில இருந்து பட்டை கீழ விழுந்துடுச்சு."

"அப்பாடா. உயிரே போயிடுச்சும்மா. நலம்னு அழுத்திடறேன்."

போனை வைத்த டீச்சர் வாசல் வரை வந்தார். படிக்கட்டை எட்டிப் பார்த்தார். ஒன்றரை மாடி ஏற வேண்டும். தன் முட்டிகளைப் பார்த்தார். அவளாகவே எழுந்திருப்பாள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். இதைப் பிற்பாடு அவரே சொன்னார்.

மீட்டர் சாரின் போனில், "உங்கள் மனைவி விழுந்திருக்கலாம்" என்று வந்தது. மனைவி எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பட்டாணி உருண்டு அவர் காலடிக்கு வந்தது. "என்னங்க அது?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்று 'நலம்' என்பதை அழுத்தினார். விழுந்தவர்களுக்கு அன்றைய கணக்கைச் சேர்க்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு பயம். அப்படி எந்த விதியும் இல்லை.

டிரைவர் முடிவெட்டப் போயிருந்தார். போன் வீட்டில். மகள் பதினொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மீட்டர் சாரைக் கூப்பிட்டாள். "உங்கப்பாவா? இப்பத்தான் தெருவுல பார்த்தேன்மா. ஜம்முன்னு நடந்து போறார்."

பன்னிரண்டு மணிக்கு டிரைவர் திரும்பி வந்து போனைப் பார்த்தார். மகளைத் திருப்பிக் கூப்பிடவில்லை. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இழுத்து மாடி ஏறினார். இரண்டாம் மாடியில், "தங்கச்சி!" என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்குத்தான் மீட்டர் சார் வெளியே வந்தார்.

அவள் ஈரத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் இடது கை மட்டும் அசைந்தது. அந்தக் கையை மீட்டர் சார் பிடித்தார். ஆறுதலுக்கு என்றுதான் டிரைவர் நினைத்தார். மீட்டர் சார் சட்டைக் கையை மேலே தள்ளி முதல் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கய்யா!"

"நீங்க கூப்பிடுங்க. இது கையில இருக்கக் கூடாது."

மூன்றையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்துதான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி ஓடி வந்தாள். "மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா விழுந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் தெரியாம போட்டா ரத்தம் கசிஞ்சு ஆளே போயிடுவாங்க. எப்ப விழுந்தாங்க?"

"தெரியலைம்மா" என்றார் மீட்டர் சார். "நாங்க பார்க்கும்போதே கிடந்தாங்க."

"கடைசியா நல்லா இருந்து யாராவது பார்த்தீங்களா?"

"காலையில ஏழு மணிக்கு."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. ஏழிலிருந்து எண்ணினால் நேரம் போய்விட்டது. டிரைவரைப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

டிரைவரின் சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் மகளின் முதல் அழைப்பு பத்து ஐம்பத்து நாலு. அவர் தலையை ஆட்டினார். தெரியாது என்று.

தாழ்வாரத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மீட்டர் சார் கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார். டிரைவர் போகவில்லை. எதிரில் ஒரு கடிகாரம். ஒன்றரை ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்று இருபது வரை நேரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஓட்டிய காலத்தில் ஒரு நிமிடம் பிந்தாமல் பஸ்ஸை எடுத்தவர். எழுந்து பத்தடி நடந்து அந்தக் கதவைத் தட்டினால் போதும். இரண்டு தடவை எழுந்தார். ஒரு தடவை கழிவறைக்குப் போய் வந்தார். மூன்று இருபதும் தாண்டியது.

நாலு மணிக்குப் போய்ச் சொன்னார். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு மணிக்கு நான் உங்க முகத்தைப் பார்த்துத்தானே கேட்டேன்?" அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த நோயாளியிடம் போய்விட்டாள்.

படிக்கட்டம்மா சாகவில்லை. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. மூன்று வாரம் கழித்து, கட்டட வாயில் ஒன்றில் காவல் வேலை பார்க்கும் மகன், தன் ஒற்றை அறை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

போட்டியில் மூன்றாவது கட்டடம் ஜெயித்தது. அவள் இல்லாத கடைசி ஆறு நாளும் முன்னால் நிற்கும் அளவுக்கு ஏற்கெனவே நடந்து வைத்திருந்தாள். மையத்தில் கேடயத்தை மீட்டர் சாரும் மனைவியும் வாங்கினார்கள். பேசச் சொன்னபோது, "மனசு வச்சா எந்த வயசிலும் நடக்கலாம்" என்றார். மறுவாரமே துடைப்ப அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். அவளுடைய சாப்பாட்டு டப்பா பழைய சைக்கிள்களோடு கிடந்தது.

டிரைவர் விழாவுக்குப் போகவில்லை. அன்று மதியம் படிக்கட்டம்மா மகனின் வீட்டைத் தேடிப் போனார். அவன் சீருடையோடு அம்மாவுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னான். பிறகு அம்மாவின் இடது கையைத் திருப்பிக் காட்டினான். முன்கையில் மூன்று இடத்தில் வளையமாகத் தோல் உரசி வெளுத்திருந்தது.

"இது என்னன்னு தெரியுமா பெரியவரே? அம்மா நகையே போட்டதில்லை. டாக்டரும் கேட்டாங்க. அம்மாவால சொல்ல முடியல."

டிரைவர் சொன்னார். வாளியோடு பட்டையை மாட்டிக்கொண்ட நாளிலிருந்து, ஆஸ்பத்திரிக் கடிகாரம் வரை ஒன்றையும் மறைக்கவில்லை. மகனின் கையில் ஸ்பூன் அப்படியே இருந்தது. சுவரோரம் நின்றிருந்த அவன் மனைவிதான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

டிரைவர் கட்டிலருகே நகர்ந்து அவள் கையைத் தொட்டார். "தங்கச்சி, என்னை மன்னிச்சிடும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோணிய வாய் மெல்ல அசைந்தது. "சரிங்க" என்றாள். தெளிவாகவே வந்தது.

டிரைவர் உடைந்து அழுதார். "பெரிய மனசு, பெரிய மனசு" என்று கும்பிட்டார்.

"அழாதீங்க" என்றான் மகன். குரல் ஏறவில்லை. "அதை வச்சு உங்க மனசைத் தேத்திக்காதீங்க. அம்மாவுக்கு இப்ப வர்றது அந்த ஒரு வார்த்தைதான். சாப்பாடு வேணுமான்னாலும் சரிங்க. வலிக்குதான்னாலும் சரிங்க. படுக்கையை நனைச்சிட்டு அழும்போதும் சரிங்க. மன்னிச்சாங்களா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுந்திரிங்க, போலாம்."

அவரைத் தன் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராக மையத்துக்கே போனான். விழாவின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். நர்ஸம்மா எழுதிக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் பேனாவை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு தடவை இதயம் தாளம் தப்பியதைப் பார்த்தவள் அவள்தானே.

விசாரணை நடந்தது. கேடயம் முதல் கட்டடத்துக்குப் போனது. வெள்ளையடித்த அறையைப் பூட்டி வைத்தார்கள். மூன்றாவது கட்டடத்தில் யாரும் டிரைவரோடு பேசுவதில்லை. அவருக்கு வயதாகி மூளை குழம்பிவிட்டது என்று மீட்டர் சார் மாடி மாடியாகச் சொல்லி வந்தார், பாதிப் பேர் நம்பினார்கள். நம்பாதவர்களுக்கும் அந்தக் கேடயம் போனதில் வருத்தம்தான். "அந்தப் பொம்பளை முதல்லயே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் டீயைக் குறைக்கச் சொன்ன இரண்டாம் மாடி அம்மா. டிரைவரின் மகள் வந்து அவரைத் தன் ஊருக்குக் கூட்டிப் போனாள். ரயிலில் அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம்.

நிவாரணம் கேட்டு மகன் எழுதிய மனுவுக்கு நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி பெண்மணி திட்டத்தில் பதிவு செய்யப்படாதவர். ஆகவே அவர் நடந்ததற்கோ விழுந்ததற்கோ திட்டத்திடம் எந்தப் பதிவும் இல்லை. குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட நேரத்தில், மூன்று பயனாளிகள் விழுந்ததாகத் தகவல் வந்துள்ளது. இருவர் உடனே நலம் என உறுதி செய்யப்பட்டது. மூன்றாமவரும் நலமாக இருப்பதாக அண்டை வீட்டார் தெரிவித்துள்ளார்.

மகன் அதை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினான். நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. அவன் மனைவி வந்து வாயைத் துடைத்து, புண் வராமல் இருக்க அவளை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். சுவரைப் பார்த்தபடி அவள் மீதியையும் கேட்டாள். வாசித்து முடித்ததும் மகன் தாளை மடித்து வைத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.